அண்ணனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முன்னோட்ட ஆய்வு மிக எளிய வேலை என்று முதுகலை படித்த நாள்களில் எண்ணியிருந்தேன். வினாக்கள் புரிகின்றனவா, எந்தச் சொல் இடறுகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான்கைந்து பேரிடம் கேட்டுப் பார்ப்பது. அவ்விடைகள் ஆய்வுத் தரவில் சேர்வதில்லை. அகமதாபாத்தின் பருத்தி ஆலைகள் மூடப்பட்ட காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள், இன்று நடுவயதில் தம் வாழ்க்கையை எவ்வாறு விவரிக்கிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். குஜராத்தியிலும் தமிழிலும் வினாக்களை ஆயத்தம் செய்திருந்தேன். தமிழ் வினாக்களைச் சோதிப்பதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆலை வேலைக்காகச் சேலம் பக்கத்திலிருந்து வந்து மணிநகரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா நூற்புப் பிரிவில் இரவுப் பணி பார்த்த ஆலை 1993-இல் மூடப்பட்டபோது அண்ணனுக்கு 13 வயது, எனக்கு 4. இன்று அவருக்கு 44. ஆகவே முதல் நேர்காணலை அவரிடமே நடத்தினேன்.

இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை அண்ணன் கோக்ராவில் நடத்துகிறார். ஒரு சனிக்கிழமை இரவு, கதவைப் பாதி இறக்கிவிட்டு, கையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டு எதிரில் அமர்ந்தார். ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்துவிட்டே கையெழுத்திட்டார். நான் தொடங்கினேன்.

"இந்தத் தொழிலுக்கு வரலாம்னு முடிவு எடுத்த காலத்துல, வேற எந்தெந்தத் தொழிலையெல்லாம் யோசிச்சுப் பாத்தீங்க?"

அண்ணன் சிரித்தார். "பாப்பா, முடிவெடுத்தது மில்லு கேட்டு. நானா எடுத்தேன்?"

தொழில், சமயம், அரசியல் நோக்கு ஆகியவற்றில் ஒருவர் மாற்று வழிகளை ஆராய்ந்து பார்த்தாரா, பின்னர் ஏதேனும் ஒன்றில் உறுதியாக நிலைகொண்டாரா என்பதே இவ்வகை நேர்காணலின் அடிப்படை. இதை வகுத்தவர் ஜேம்ஸ் மார்சியா. 1966-இல் வெளியான அவருடைய கட்டுரையை உளவியல் மாணவர் எவரும் தவிர்க்க இயலாது. தேடி, நிலைகொண்டவர் 'அடையாளம் எய்தியவர்'. தேடிக்கொண்டே இருப்பவர் 'இடைநிறுத்த' நிலையில் உள்ளவர். தேடாமலே நிலைகொண்டவர் 'முன்முடிவு' நிலையினர். தேடலும் நிலைகொள்ளலும் இல்லாதவர் 'சிதறல்' நிலையினர். நான்கே கட்டங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியானவை.

விதிப்படி என் அண்ணன் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தவர்: முன்முடிவு. பாடநூல் விளக்கத்தின்படி, பெற்றோர் காட்டிய வழியைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டவர்; வளைந்துகொடுக்கும் தன்மை குறைந்தவர். நான் இரண்டாம் கட்டம். 35 வயதில் இன்னும் ஆய்வு மாணவி, நிலையான பணி இல்லை, திருமணம் குறித்து முடிவில்லை, "என்ன செய்வதாக உத்தேசம்?" என்று எவரேனும் கேட்டால் மூன்று விடைகள் சொல்வேன். முன்முடிவு நிலையினரைவிட இடைநிறுத்த நிலையினரை முதிர்ச்சிக்கு அருகில் இருப்பவர்களாகவே இலக்கியம் கருதுகிறது. அன்றிரவு அறைக்குத் திரும்பிப் படிவத்தை நிரப்ப அமர்ந்தபோது, அண்ணனின் பெயருக்குப் பதிலாக இட்ட குறியீட்டின் எதிரே அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

கை வராததற்குப் பாசம் மட்டுமே காரணம் என்றால் அதை இங்கே எழுதியிருக்க மாட்டேன். கோட்பாட்டிலேயே ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்ற ஐயமும் இருந்தது. மார்சியாவின் கட்டங்களுக்கு மூலம் எரிக் எரிக்சனின் எழுத்துகள். எனவே அவரை மீண்டும் படித்தேன்.

எரிக்சனை நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான். நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை எனத் தொடங்கி, ஒருமைப்பாடு எதிர் விரக்தி என முடியும் எட்டு நிலைகள், பக்கத்தில் வயது. ஆசிரியர் தகுதித் தேர்வு வழிகாட்டிகளில்கூட அது இருக்கிறது. ஆனால் 1950-இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமூகமும்' என்னும் நூலில் அவர் தந்திருப்பது ஓர் அட்டவணை. எட்டு வரிசை, எட்டு நிரல். மொத்தம் 64 கட்டங்கள். எட்டு நிலைகளும் மூலைவிட்டத்தில் ஏறிச் செல்கின்றன. மற்றவை காலியாக உள்ளன. ஒவ்வொரு நிலையின் பணியும் அதற்குரிய காலம் வருவதற்கு முன்பே ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது, காலம் கடந்த பின்னும் வேறு வடிவில் தொடர்கிறது என்பதே அக்காலிக் கட்டங்களின் பொருள். பட்டியலாகச் சுருக்கியபோது நாம் இழந்தவை அந்த 56 கட்டங்கள்.

இடைநிறுத்தம் என்ற கருத்தும் எரிக்சனுடையதே. 'மாரட்டோரியம்' என்பது கடன் உலகச் சொல். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வங்கித் தவணைகளுக்கு அளிக்கப்பட்ட கால அவகாசத்தால் நம் அனைவர்க்கும் அது பழகிவிட்டது. முதிர்ந்தோர்க்குரிய பொறுப்புகளைச் சமூகம் சிறிது காலம் ஒத்திவைத்து, இளையோரைத் தேட விடுவதை எரிக்சன் இச்சொல்லால் குறித்தார். அவருடைய இளமையே அதற்குச் சான்று. 1902-இல் பிறந்த அவர், தம்மைப் பெற்ற தந்தை யாரென்று அறியாமலே வளர்ந்தார். இருபதுகளில் ஓவியராக ஐரோப்பாவில் அலைந்து திரிந்தார். 1927-இல் வியன்னாவுக்குச் சென்று சிறு பள்ளி ஒன்றில் ஆசிரியரானபோதுதான் உளப்பகுப்பாய்வு அவருக்கு அறிமுகமாயிற்று. பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் பெற்றதே இல்லை. அலைவதற்குக் காலம் கிடைத்த ஒருவர் அக்காலத்தின் மதிப்பைக் கோட்பாடாக்கினார். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் 2020-இல் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தவணை ஒத்திவைக்கப்பட்டது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வட்டியை யார் கட்டினார்கள் என்பதை மார்சியாவின் நேர்காணல் கேட்பதில்லை. 1966-ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் 86 கல்லூரி ஆண் மாணவர்கள். கல்லூரிக்குள் இருப்பவரிடம் அப்படிக் கேட்கத் தோன்றாமல் போனது வியப்பன்று.

எங்கள் வீட்டில் அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஆலை மூடியபோது அப்பாவுக்கு வரவேண்டிய நிலுவைத் தொகை வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு சிறு பகுதி வந்தது. அதுவரை அவர் ஒரு கட்டடத்தின் இரவுக் காவலராக இருந்தார். அம்மா விடியற்காலையில் மாவு அரைத்து, இட்லி அவித்துத் தெருமுனையில் விற்றார். அண்ணன் எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் கேரேஜில் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவும் வேலையில் சேர்ந்தார். அவருடைய வாரக்கூலி, அம்மாவின் அரிசிக்கும் உளுந்துக்கும் முதலாயிற்று. மறு ஆண்டு என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் சோறு இருந்தது, புத்தகப்பை இருந்தது, அண்ணன் கையில் எண்ணெய்க் கறை இருந்தது. இவை மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979-இல் முன்வைத்த சூழலியல் கோட்பாட்டில் புறச்சூழல் என்றொரு வளையம் உண்டு. குழந்தை ஒருநாளும் காலடி வைக்காத, ஆனால் அதன் வாழ்வைத் தீர்மானிக்கிற இடம் அது. பெற்றோரின் பணியிடம் இதற்குப் பாடநூல்கள் தரும் வழக்கமான எடுத்துக்காட்டு. அப்பாவின் ஆலைக்குள் நான் ஒருமுறைகூடச் சென்றதில்லை. அண்ணனும் அப்படித்தான். இருவர்க்கும் ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே புறச்சூழல். ஆயினும் அதே ஒரு நிகழ்ச்சி அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது, என்னைப் பல்கலைக்கழகம் வரை விட்டது. வேறுபட்டது வயது.

நிகழ்ச்சி எந்த வயதில் வந்து மோதுகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் கிளென் எல்டர். 1974-இல் வெளிவந்த அவருடைய 'பெரு மந்தத்தின் குழந்தைகள்' கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1920-21-இல் பிறந்தவர்களைப் பற்றியது. பின்னர் அவர்களை, பெர்க்லியில் 1928-29-இல் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார். பொருளாதாரம் நொறுங்கியபோது முதல் குழுவினர் பதின்வயதை எட்டிக்கொண்டிருந்தனர். இரண்டாம் குழுவினர் சிறு குழந்தைகள். நீண்டகால பாதிப்பு சிறு குழந்தைகளிடமே, குறிப்பாக ஆண் குழந்தைகளிடமே, மிகுதியாக இருந்தது. பதின்வயதினர் வேலைக்குப் போனார்கள், வீட்டுப் பொறுப்பை ஏற்றார்கள், பலர் பின்னாளில் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

இதை முதன்முறை படித்தபோது குழம்பிப் போனேன். எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. சிறு குழந்தையான நான் தப்பினேன். பதின்வயது அண்ணன் இழந்தார். எல்டரை மேலும் படித்தபோது இரண்டு காரணங்கள் தெளிந்தன. ஓக்லண்டு ஆண்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தனர். திரும்பி வந்தோர் கல்லூரி செல்ல 1944-ஆம் ஆண்டுச் சட்டம் உதவிற்று. இழந்த கல்வியை இருபதுகளில் மீட்டெடுக்க அவர்களுக்கு அரசே ஒரு கதவைத் திறந்து வைத்தது. 1993-இன் அகமதாபாத்தில் அண்ணனுக்கு அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. இரண்டாவது காரணம், வேலை இழந்த தந்தையின் எரிச்சலும் வீட்டின் பதற்றமும் வாயிலாகவே வறுமை சிறு குழந்தைகளைத் தாக்கியது என்று எல்டர் காட்டுகிறார். அந்தத் தாக்குதல் என்னை முழுமையாக வந்து அடையவில்லை. இடையில் ஒருவர் நின்றிருந்தார். பிணைந்த வாழ்வுகள் என்பது எல்டரின் கலைச்சொற்களுள் ஒன்று. அதைத் தேர்வில் பலமுறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

எரிக்சனுக்கும் இந்நகரத்துக்கும் உள்ள தொடர்பு இங்குள்ள மாணவர்கள் பலர்க்குத் தெரிவதில்லை. மனித வாழ்க்கை வட்டம் பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்த 1962-இல் அவர் அகமதாபாத்துக்கு வந்தார். ஆலை அதிபர்களான சாராபாய் குடும்பத்தினர் அவரை வரவேற்றனர். 1918-ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் போராட்டம் அவர் கருத்தைக் கவர்ந்தது. 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்ட தொழிலாளர்களுக்காகக் காந்தி மார்ச் 15 முதல் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். எதிரணியில் ஆலை அதிபர்களின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் அவருடைய தமக்கை அனசூயா. இப்போராட்டத்தை மையமாக வைத்து எரிக்சன் எழுதிய 'காந்தியின் உண்மை' 1969-இல் வெளியாகி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அப்போது 48 வயதாயிருந்த காந்தியிடம் எரிக்சன் தேடியது நடுவயதின் பணியை: அடுத்த தலைமுறையை உருவாக்கி வழிநடத்தும் அக்கறையை.

அதே நூலின் நடுவில் எரிக்சன் எழுத்தை நிறுத்தி, மறைந்துவிட்ட காந்திக்கே நேரடியாகக் கடிதம் எழுதுவதுபோல ஒரு பகுதி எழுதியிருக்கிறார். உலகத்தாரிடம் காட்டிய அகிம்சையை வீட்டாரிடம் காட்டினீர்களா என்பதே அதன் உட்கிடை. காந்தியின் மூத்த மகன் ஹரிலால் இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க விரும்பினார். அதற்கான உதவித்தொகை வாய்ப்பு வந்தபோது காந்தி அதனை வேறு இளைஞர்களுக்கு அளித்தார். அது கொள்கையால் நேர்ந்த மறுப்பு. எங்கள் வீட்டில் நேர்ந்தது வறுமையால். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் ஒருவரின் வளர்ச்சியை அவருடைய வாழ்க்கையை மட்டும் பார்த்து அளந்துவிட முடியாது என்பதை எரிக்சன் அறிந்திருந்தார். தலைமுறைகளின் வாழ்க்கை நிலைகள் பற்சக்கரங்கள் போல ஒன்றையொன்று பற்றிச் சுழல்கின்றன என்று அவர் எழுதியதும் அதனால்தான்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமை இரவுக்கு வருகிறேன். என் படிவத்தில் ஒரு துணை வினா இருந்தது. ஒரு நாளாவது வேறு ஏதாவது ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டா என்று கேட்டேன். அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை.

"ரயிலு ஓட்டணும்னு நெனச்சிருக்கேன். மணிநகர் ஸ்டேஷன்ல நின்னு நவஜீவன் போறதப் பாப்பேன். ஊருக்குப் போற வண்டியாச்சே. அதுக்குப் பத்தாவது பாஸ் பண்ணணும்னாங்க. சரின்னு வுட்டுட்டேன்."

இத்தனை ஆண்டுகளில் இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அடுத்த வினாவைப் படிக்க எனக்குக் குரல் எழவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நீ பத்தாவது முடிச்சப்ப, பொண்ண இதுக்கு மேல எதுக்குப் படிக்க வைக்கணும்னு சொந்தக்காரங்க அப்பாகிட்ட பேசுனாங்க. அப்பாவும் அர மனசாத்தான் இருந்தாரு. அவ படிக்கிற வரைக்கும் படிக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அத நானேதான் முடிவு பண்ணேன். ஒரு வாரம் யோசிச்சேன், கல்யாணத்தத் தள்ளிப் போடணுமேன்னு. உன் பேப்பர்ல அத எழுதறதுக்கு எடம் இருக்கா?"

இடம் இல்லை. தொழில், சமயம், அரசியல் என்ற மூன்று தலைப்புகளில் அது எதிலும் அடங்கவில்லை. ஆனால் மார்சியா கேட்ட இரண்டும் அதில் இருந்தன. வேறு வழிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். பிறகு ஒன்றில் உறுதியாக நின்றிருக்கிறார். அப்போது அவருக்கு 25 வயது. எரிக்சனின் பட்டியல்படி அது நெருக்கத்துக்கும் தனிமைக்கும் உரிய பருவம். அண்ணன் செய்ததோ ஏழாம் நிலையின் பணி. திருமணம் 33-இல்தான் நடந்தது. ஏழாம் நிலை முன்னே வந்தது, ஆறாம் நிலை பின்னே வந்தது. பட்டியலில் இதற்கு இடமில்லை. அட்டவணையின் காலிக் கட்டங்களில் ஒன்று இதற்காகவே இருக்கிறது.

ஏழாம் நிலைக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். நான் பார்த்த பாடக்குறிப்புகள் பலவற்றில் 'ஆக்கத்திறன்' என்றோ 'உற்பத்தித்திறன்' என்றோ இருக்கிறது. தாம் உருவாக்கிய சொல்லைப் படைப்பாற்றல், உற்பத்தி ஆகிய சொற்களால் ஈடுசெய்ய முடியாது என்று எரிக்சனே தெளிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லின் வேர் தலைமுறை. 'தலைமுறைப் பேணல்' என்று நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதனினும் நல்ல சொல் இருந்தால் ஏற்றுக்கொள்வேன். எட்டாம் நிலையைச் சிலர் 'நேர்மை' என்று எழுதுவதும் திருத்தப்பட வேண்டியது. அங்கே பேசப்படுவது வாழ்க்கை முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் நிறைவு. பெயர் பிழைத்தால், நேர்காணலில் நாம் கேட்கும் கேள்வியும் பிழைக்கும்.

என் நெறியாளரிடம் இவையனைத்தையும் சொன்னேன். குறியீட்டு விதியை அண்ணனுக்காக வளைக்கக் கூடாது என்றார். விதிப்படி தொழில் என்ற தலைப்பில் அவர் முன்முடிவு நிலையினரே. அதை அவ்வாறே எழுது, விதி எதைக் கேட்கவில்லை என்பதைத் தனியாக எழுது, அது முறையியல் இயலில் இடம்பெறட்டும் என்றார். சரியென்றே படுகிறது. படிவத்தில் இப்போது இரண்டு வினாக்கள் கூடியுள்ளன: 'உங்கள் படிப்போ வேலையோ தொடர்வதற்கு வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்?', 'நீங்கள் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள்?'. இயன்ற இடங்களில் ஒரு வீட்டில் ஒருவரை மட்டும் கேட்காமல், உடன்பிறந்த இருவரையும் தனித்தனியே கேட்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். இதனால் ஆய்வு ஓராண்டு நீளலாம். அந்த ஓராண்டுக்கு யார் வட்டி கட்டப்போகிறார்கள் என்ற கேள்வியும் என்னுடன் இருக்கிறது. உதவித்தொகை முடியும் மாதத்தைக் கணக்கிட்டு, வரும் பருவத்திலிருந்து பகுதிநேர விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை என் தவணையை நானே கட்டுவது முறை.

மனித வளர்ச்சி பற்றி ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தரவில் 'முன்முடிவு' என்றோ 'தேக்கம்' என்றோ வகைப்படுத்தப்பட்டவர்களின் படிவங்களை ஒருமுறை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அவர்களுடைய தம்பி தங்கையர் என்ன படித்தார்கள் என்ற குறிப்பு அதில் இருக்கிறதா? இல்லையெனில், உங்கள் அளவீடு எதைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மாற்றுக் கருத்துகளையும் வரவேற்கிறேன்.

இதை வெளியிடுவதற்கு முன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பெயரும் கடையின் பெயரும் வேண்டாம் என்றார், இடவில்லை. ரயில் விஷயத்தையும் எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மறுநாள் காலை அவரே அழைத்து, "அது இருந்துட்டுப் போவட்டும் பாப்பா" என்றார். திரும்பச் சேர்த்திருக்கிறேன்.